தவக்காலத்தில் வாங்கிய கிட்டார்

என்னோடு ஒரே பாயில் உட்கார்ந்து ஞானோபதேசம் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் நம் பேரப்பிள்ளைகளும் வாசிப்பார்கள், வேறு சாமி கும்பிடுகிற சிநேகிதிகளும் வாசிப்பார்கள் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாஸ்கா என்று நாங்கள் சொல்கிற ஈஸ்டர் திருநாளுக்கு முந்தின நாற்பது நாளும் எங்களுக்குத் தவக்காலம். அந்த நாட்களில் எங்கள் ஊரில் கறி கிடையாது, கல்யாணம் கிடையாது, தலையில் பூ கிடையாது. கோயிலில் வாத்தியமும் கிடையாது. தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன் அன்று ஆர்மோனியத்தின் மேல் ஊதாத் துணியைப் போர்த்தினால் பாஸ்கா அன்றுதான் எடுப்பார்கள். அதுவரை வெறும் தொண்டையில்தான் பாட்டு. நாலாவது வாரத்தில் எல்லாருக்கும் சுருதி எங்கேயோ போயிருக்கும். ஜெபம் நடத்துகிற உபதேசியார் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு சரியாகப் பாடுவார்.

அப்படி ஒரு தவக்காலத்தில்தான் எனக்கு எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கினார்கள். எண்பதுகளின் நடுவில் நடந்தது. எனக்குப் பதிமூன்று வயது, எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் படிக்கவில்லை. ஆகவே எழுத்தில் பிசகு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன்பு என் கையில் இருந்தது ஒரு பெட்டிக் கிட்டார். கன்னியர் மடத்து சிஸ்டர் ஒருவர் மாற்றலாகிப் போகும்போது என்னிடம் விட்டுவிட்டுப் போனது. வயிற்றுப் பக்கத்தில் விரிசல். ஆறு கம்பியில் ஒன்று சைக்கிள் பிரேக் கம்பியைப் பிரித்துப் போட்டது. அதில் மூன்று வருஷம் வாசித்தேன். கோயிலில் அதை வாசித்தால் எனக்கே கேட்காது. ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் கொசு மாதிரி ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான்.

அந்தக் கிட்டாரில்தான் நான் ஒரு வழக்கத்தைப் பழகினேன். அதற்கு முந்தின மழைக்காலத்தில் அம்மாவுக்கு மஞ்சள் காமாலை வந்து இரண்டு மாதம் படுக்கையில் இருந்தார். சின்னச் சத்தம் கேட்டாலும் தலை வலிக்கிறது என்பார். பாத்திரத்தைக்கூடத் துணி போட்டுத்தான் அடுக்குவோம். எனக்கோ விரல் சும்மா இருக்காது. அடுப்படி மூலையில் உட்கார்ந்து, கம்பியைத் தொட்டும் தொடாமலும் மீட்டி, தாடையைக் கிட்டாரின் பக்கவாட்டில் அழுத்திக்கொள்வேன். வெளியே ஒன்றும் கேட்காது. எனக்கு மட்டும் எலும்பு வழியாகக் காதுக்குள் வரும். ஒருநாள் அப்பா பார்த்துவிட்டு, "என்ன கண்ணு, பல்லு வலியா?" என்று கேட்டார்.

அம்மா எழுந்து நடந்தார். அம்மா முதன்முதலாகத் தானே தண்ணீர் சேந்திக் குளித்த அன்றுதான் அப்பா தன் நேர்ச்சையை எங்களிடம் சொன்னார். மாதாவிடம் வேண்டிக்கொண்டாராம். இவள் எழுந்து நடந்தால் கோயிலுக்கு நல்ல வாத்தியம் ஒன்று வாங்கித் தருவேன், என் மகள்தான் அதை வாசிப்பாள், அவள் கையில் அதன் முதல் சத்தம் பாஸ்கா அன்று பீடத்துக்கு முன்னால்தான் வரும் என்று. முதல் கறவைப் பாலையும் முதல் படி கேழ்வரகையும் கோயிலுக்குக் கொடுக்கிற வழக்கம் நம் ஊரில் எல்லா வீட்டிலும் உண்டு. அப்பா அந்தக் கணக்கில் சத்தத்தையும் சேர்த்துவிட்டார்.

எங்கள் பாதிரியாரான பங்குச் சாமியாரிடம் போய் எந்த வாத்தியம் என்று கேட்டபோது, அவர் என்னைத்தான் கேட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு, "எலெக்ட்ரிக் கிட்டார் சாமி" என்றேன். எங்கே அதைக் கண்டேன் என்று கேட்காதீர்கள். சேலத்தில் ஒரு திருவிழாவில் தூரத்திலிருந்து கேட்டதுதான். சாமியார் சிரிக்கவில்லை. ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். நல்லதாக ஒன்று வாங்கவும், கழுத்து நேராக இருக்க வேண்டும், பளபளப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம். தனியாக ஸ்பீக்கர் பெட்டி வேண்டியதில்லை, மைக் செட்டில் செருகிக்கொள்ளலாம் என்றும் கீழே எழுதியிருந்தார்.

பாஸ்காவுக்கு வாசிக்க வேண்டுமென்றால் தவக்காலத்தில்தான் வாங்கியாக வேண்டும். புளி உலுக்கி முடிந்த கையோடு அப்பாவும் நானும் பாப்பாரப்பட்டியில் பஸ் ஏறி, பாலக்கோடு, ஓசூர் வழியாகப் பெங்களூர் போனோம். அங்கே தொழிற்சாலையில் வேலை பார்த்த மாமா, அம்மாவின் அண்ணன், பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தார். அப்பாவின் வேட்டியில் புளிக்கறை இருந்தது. மாமா அதைப் பார்த்துவிட்டு, "மச்சான், கடைக்காரன் புளி விக்க வந்தீங்கன்னு நெனச்சிக்கப் போறான்" என்றார்.

கடை ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. உள்ளே மெருகு எண்ணெய் வாசனையும் பழைய மரத்தின் வாசனையும். சுவர் முழுக்கக் கிட்டார்கள் தொங்கின. கோயிலில் புனிதர் படங்களுக்கு முன்னால் நிற்பது போல நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கடைக்காரர் வயதானவர், கன்னடம் கலந்த தமிழ் பேசினார். இரண்டு கிட்டார்களை எடுத்து மேஜை மேல் வைத்தார். ஒன்று புதுசு, கல்கத்தாவில் செய்தது, கண்ணாடி வளையல் மாதிரி சிவப்பு. இன்னொன்று தேன் நிறம், ஓரத்தில் சாயம் தேய்ந்தது. ஜப்பானில் செய்ததாம். ஓட்டலில் வாசித்த ஒருவர் வெளிநாடு போகும்போது விற்றுவிட்டுப் போனாராம். இரண்டுக்கும் விலையில் அவ்வளவு வித்தியாசமில்லை.

"லைன்ல போட்டுக் காட்டறேன், கேட்டுட்டு எடுத்துக்கோங்க" என்று ஒயரை எடுத்தார் கடைக்காரர்.

"பேடாங்க" என்றார் அப்பா. புளி வியாபாரத்தில் பழகிய கன்னடம். "சத்தம் வேண்டாம்."

"சத்தம் வேண்டாமா? கிட்டார் வாங்க வந்துட்டு?"

மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். "இவுரு அப்படித்தாங்க. செருப்பு வாங்கப் போனாலும் கால்ல போட்டுப் பாக்க மாட்டாரு."

அப்பா நேர்ச்சையைப் பற்றிச் சொன்னார். மாமா விடவில்லை. "மச்சான், இந்தப் பழசு ஏற்கெனவே எவனோ ஓட்டல்ல அடிச்சுத் தீத்தது. இதுல இனிமே என்ன முதல் சத்தம்?"

"அது அவன் கை" என்றார் அப்பா. "எம் பொண்ணு கையில முதல் சத்தம் கோயில்லதான்."

கடைக்காரர் ஒயரைச் சுருட்டி வைத்துவிட்டார். "விரதம். ஆயிது, ஆயிது. நம்ம மனையிலயும் விரதம் உண்டு. பொறுமையாப் பாருங்க" என்றார்.

மாமாவுக்குச் சிவப்புதான் பிடித்தது. பீடத்துப் பக்கத்தில் வைத்தால் கண்ணைப் பறிக்கும் என்றார். அப்பா சிவப்புக் கிட்டாரை இரண்டு கையாலும் தூக்கி, ஒரு கண்ணை மூடி, தலைப்பக்கத்திலிருந்து கழுத்து வழியாகப் பார்த்தார். ஏர்க்கால் வாங்கும்போது ஆசாரி வீட்டில் அப்படித்தான் பார்ப்பார். "கோணிக்கிட்டுப் போவுது" என்றார். "வெயில்ல போட்ட பலகையாட்டம்." தேன் நிறத்தையும் அதே மாதிரி பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கண்ணைத் திறந்து, "இது ஏர்க்கால்" என்றார்.

பிறகு என் முறை. கழுத்தின் குறுக்கே பித்தளைப் பட்டைகள் இருக்குமல்லவா, சிவப்பில் அவற்றின் முனைகள் கையைக் குத்தின. தேன் நிறத்தில் விரல் மேலும் கீழும் வழுக்கிப் போயிற்று. அப்போதுதான் எனக்கு அடுப்படி மூலை ஞாபகம் வந்தது. சிவப்புக் கிட்டாரின் தோளில் தாடையை அழுத்திக்கொண்டு கடைசிக் கம்பியை மெதுவாக ஒரு தட்டுத் தட்டினேன். தட்டியதும் மனதுக்குள் 'அருள் நிறைந்த மரியே' என்கிற மாதா மந்திரத்தை ஆரம்பித்தேன். நாலு வார்த்தைக்குள் சத்தம் அணைந்தது. தேன் நிறத்தில் அதையே செய்தேன். மந்திரத்தின் முதல் பாதி முடிந்து இரண்டாவது பாதிக்குள் போன பிறகும் எலும்புக்குள் இருந்தது. கட்டை முழுவதும் மெல்ல நடுங்கியது. கன்றுக்குட்டியின் கழுத்தில் கன்னத்தை வைத்தால் இருக்குமே, அப்படி.

"இதுதாம்பா" என்றேன்.

"சத்தம் போட்டுட்டாளே" என்றார் மாமா.

அப்பா கொஞ்சம் யோசித்தார். "அவளுக்கு மட்டும் கேட்டா அது சத்தமில்ல" என்று தீர்ப்புச் சொன்னார். நீங்களும் தாடையை வைத்துக் கேளுங்கள் என்று நான் சொன்னபோது மட்டும் இரண்டடி பின்னால் போய்விட்டார். நானும் மாமாவும் வெளியே வந்து நின்றோம். அப்பா உள்ளே கடைக்காரரிடம் இன்னும் ஏதோ பேசிவிட்டு வந்தார்.

இன்றைக்கு விவரம் தெரிந்த பிள்ளைகள் சொல்கிறார்கள், எலெக்ட்ரிக் கிட்டாரை முதலில் செருகாமல்தான் வாசித்துப் பார்க்க வேண்டுமாம். கட்டை நல்லதா என்று அதில்தான் தெரியுமாம். அன்றைக்கு எங்களுக்கு அதெல்லாம் தெரியாது.

வீட்டில் அம்மா தன் பழைய நூல் புடவையை மூன்றாக மடித்து அதற்கு ஓர் உறை தைத்தார். விட்டத்து ஆணியில் தொங்கவிட்டோம். ஊரே வந்து பார்த்தது. கிட்டாரென்றால் நடுவில் ஓட்டை இருக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

"ஓட்டையே இல்லியேடி" என்றார் அத்தை, அப்பாவின் தங்கை. முட்டியால் தட்டிப் பார்த்தார். "உள்ள கட்டையா அடைச்சுக் கெடக்குது. சத்தம் எந்த வழியா வரும்?"

"கரண்டு வழியா வரும் அத்தை."

"கரண்டு வழியா வெளக்கு எரியும். பாட்டா வரும்? எங்க அண்ணன் பெங்களூர் வரைக்கும் போயி வாசக்கால் பலகை வாங்கியாந்திருக்குது."

அந்தப் பேர் நிலைத்துவிட்டது. கிணற்றடியில் என்னைப் பார்த்தால், பலகை எப்படி இருக்குது என்று கேட்பார்கள். அப்பா சாயங்காலம் வயலிலிருந்து வந்து கைகால் கழுவி, உறை மேல் படிந்த தூசியைத் துண்டால் தட்டிவிட்டு ஜெபமாலை சொல்ல உட்காருவார். நான் விரல் பழக மட்டும் அதை எடுக்கலாம். தாடையை வைத்து எடுப்பேன். எனக்குள் மட்டும் ஒரு கோயில் பாடிக்கொண்டிருந்தது. ஆனால் நாளாக நாளாக அத்தையின் பேச்சு உள்ளே இறங்கியது. கட்டை பாடுகிறது சரி, கரண்டில் பாடுமா? இரண்டையும் தூக்கிப் பார்த்து இதுதான் என்று சொன்னது நான். பாடவில்லையென்றால் ஊர் முன்னால் அப்பாவின் நேர்ச்சை பொய்யாகிவிடும்.

பாஸ்காவுக்கு ஒரு வாரம் முன்னால் வருகிற குருத்து ஞாயிறுக்கு முந்தின நாள், குருத்தோலைப் பவனிக்காக மைக் செட்டுக்காரர் எங்கள் கோயிலுக்கு வந்தார். பாப்பாரப்பட்டியில் கடை வைத்திருந்தவர். மாரியம்மன் பண்டிகைக்கும் அவர்தான், எங்கள் பவனிக்கும் அவர்தான். அப்பா வயலில் இருந்தார். நான் உறையோடு கிட்டாரைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஒரே ஒரு தட்டு, மெதுவாக, யாருக்கும் தெரியாமல் என்று நினைத்துக்கொண்டேன்.

"அண்ணா, இதைக் கொஞ்சம் செருகிப் பாக்கறீங்களா? அப்பாகிட்ட சொல்லாதீங்க."

அவர் ஆம்ப்ளிஃபயரில் செருகினார். நான் கம்பியைத் தட்டினேன். ஒன்றுமில்லை. அழுத்தித் தட்டினேன். அவர் ஆம்ப்ளிஃபயரின் குமிழைத் திருகினார். ஸ்பீக்கரிலிருந்து புஸ்ஸென்று காற்றுச் சத்தம் மட்டும் வந்தது. கிட்டாரைப் புரட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"உள்ள இருக்கற கம்பிச் சுருளு, அந்தக் காயில் செத்துப்போச்சு போல கண்ணு. பழைய சரக்குதானே. செருகிப் பாக்காமயா வாங்குனீங்க?"

அந்த வாரத்தை எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. சோறு இறங்கவில்லை. தவக்காலம், ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருக்கிறாள் என்று அம்மா நினைத்துக்கொண்டார். அப்பா அதைக் கேட்டுப் பெருமையாகத் தலையாட்டினார். பெரியவர்கள் நம்மைப் பற்றி நல்லதாகத் தப்புக் கணக்குப் போடும்போது உண்மையைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் பாருங்கள். அவசரப்பட்டுச் செருகினதால் ஆண்டவர் அதன் வாயைக் கட்டிவிட்டார் என்றுகூட நினைத்தேன்.

புதன்கிழமை, சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். சன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் சாமியாரின் மூக்குப்பொடி வாசனை வந்தது. எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னேன்.

"சத்தம் வந்துச்சா?" என்றார் சாமியார்.

"வரலீங்க சாமி."

"அப்ப முதல் சத்தத்தை நீ எடுத்துக்கல. மறைச்சு வெச்சிருக்க பாரு, அதுதான் பாவம். உங்கப்பாகிட்ட போய்ச் சொல்லு. அதுதான் உனக்கு அபராதம்."

பத்து ஜெபமாலை சொல்லச் சொல்லியிருந்தால் சந்தோஷமாகச் சொல்லியிருப்பேன். வியாழன் போயிற்று. பெரிய வெள்ளி போயிற்று. பெரிய சனிக்கிழமை காலை, அப்பா கொட்டகைக்குப் பின்னால் மாட்டுக்குச் சோளத்தட்டு நறுக்கிக்கொண்டிருந்தபோது போய் நின்றேன். எங்கள் ஊர் சாமியார் வந்து போகிற கிளைக் கிராமம் என்பதால் பாஸ்காப் பூசை சனி ராத்திரியில் இல்லை, ஞாயிறு காலையில்தான். அதற்கு ஒரு நாள்கூட முழுதாக இல்லை.

சொல்லி முடித்தேன். அடிப்பார் என்று நினைத்தேன். அப்பா அரிவாளைக் கீழே வைத்தார்.

"காயில் சாவல கண்ணு" என்றார். "நான்தான் மூடி வெச்சேன்."

எனக்குப் புரியவில்லை.

"அதுல குமிழ் இருக்குது பாரு, அதைத் திருகினா சத்தம் மூடிக்குமான்னு கடைக்காரருகிட்ட கேட்டேன். அவர் காட்டுனாரு. மூடிட்டேன்."

"நான் செருகிடுவேன்னா?"

அப்பா தட்டுத் தூளைக் கையிலிருந்து உதறினார். "உன்ன நெனச்சு இல்ல. என்ன நெனச்சு. நீ கட்டையில தாடைய வெச்சு உக்காந்திருக்கயில ஒம் மூஞ்சியப் பாக்கறேன்ல தெனம். ஒரு நா பொறுக்காம, செருகு கேப்போம்னு நானே சொல்லிடுவேனோன்னு பயம். அதான்." என் பக்கம் திரும்பி, "ஒரு வாரமா இதையா வயித்துல வெச்சிருந்த? நான் ஒருசந்தின்னு நெனச்சேனே" என்றார்.

எனக்கு அழுகையும் நிம்மதியும் சேர்ந்து வந்தன. இருந்தாலும் முழு நிம்மதியில்லை. குமிழ் மூடியிருந்தது சரி. திறந்தால் பாடுமா என்பது அப்பாவுக்கும் தெரியாது. நான் அதைக் கேட்கவில்லை. என் முகத்திலேயே இருந்திருக்கும்.

அப்பா போய்ச் சைக்கிளை எடுத்துவந்தார். "அதை எடுத்துக்கிட்டு வா" என்றார்.

"எங்கப்பா?"

"பாப்பாரப்பட்டிக்கு. இன்னொரு ராத்திரி நீ பயந்துகிட்டே படுக்க வேண்டாம்."

"நேர்ச்சை?"

"மாதாகிட்ட நான் சொல்லிக்கிறேன். அவுங்களும் புள்ள பெத்தவங்கதான்."

சட்டத்தை ஒரு நூல் பிசகாமல் நடத்துகிற மனுஷர். பெரிய சனிக்கிழமை, ஆண்டவர் கல்லறையில் இருக்கிற நாள், மணிகூட அடிக்காத நாள். அன்றைக்கு அப்படிச் சொன்னார். நான் பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளை பரீட்சைக்குப் பயந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்த ஒரு நாளில்தான், அந்த வார்த்தையைச் சொல்ல அவருக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்தது.

அந்தக் கிட்டாரை அதற்குப் பிறகு பல வருஷம் வாசித்தேன். அதியமான்கோட்டைப் பக்கம் கல்யாணமாகிப் போகும்போது கோயிலிலேயே விட்டுவிட்டுப் போனேன். கோயிலை இடித்துக் கட்டிய வருஷம் சாமான்களையெல்லாம் எங்கெங்கோ தூக்கி வைத்தார்கள். திரும்ப எடுத்து வைக்கும்போது அது மட்டும் இல்லை. அம்மா தைத்த புடவை உறை மட்டும் கிடைத்தது. அத்தை பலகை என்று கேலி பேசியவர்தான், அது காணாமல் போனதற்கு என்னைவிட அதிகமாக அழுதார்.

அந்தச் சனிக்கிழமைக்கே திரும்பி வருகிறேன். மைக் செட்டுக்காரர் கடையில் பெட்டி ஸ்பீக்கர் ஒன்று இருந்தது. எங்களைப் பார்த்ததும் அவருக்குத் தர்மசங்கடம். "நான் சொல்லலீங்கண்ணா, பாப்பாதான் சொல்ல வேணாம்னு..." என்று ஆரம்பித்தார்.

"தெரியும். செருகுப்பா" என்றார் அப்பா.

"இன்னிக்கு உங்களுக்குத் துக்க நாளாச்சேங்க."

"செருகு."

அவர் செருகினார். அப்பா குனிந்து, கிட்டாரில் இருந்த குமிழைத் தன் காய்த்த விரல்களால் பிடித்து, அளவு பார்த்து மெதுவாகத் திருகினார். ஸ்பீக்கரிலிருந்து ஒரு மெல்லிய ரீங்காரம் எழுந்தது. அவர் நிமிர்ந்து, தலைத்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, பூசையில் நிற்பது போல் கையைக் கட்டி நின்றார். நான் கடைசிக் கம்பியைத் தட்டினேன்.

அது பெரிதாக வந்தது. கடைக் கூரைத் தகரம் அதிர்ந்தது. அடுத்த கடையில் வெல்லம் நிறுத்துக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார். அதற்கப்புறம் அது சிறுத்து, உருண்டு, எங்கள் மூன்று பேருக்கும் நடுவில் நின்றுகொண்டே இருந்தது. தாடை வழியாக எனக்குள் மட்டும் கேட்ட அதே சத்தம்தான். இப்போது அப்பாவுக்கும் கேட்டது. அவர் உதடு அசைந்தது. முழு மந்திரமும் முடியும் வரைக்கும் அது அணையவில்லை.

"என்ன கட்டைங்கண்ணா இது" என்றார் மைக் செட்டுக்காரர். "இன்னொண்ணு தட்டு பாப்பா."

நான் கையை ஓங்கினேன். அப்பா குமிழை மூடிவிட்டார்.

"போதும் கண்ணு. மிச்சம் நாளைக்கு."

திரும்பி வரும்போது உச்சி வெயில். நான் பின்னால் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். புளியமரத்து நிழல் வந்து வந்து போயிற்று. ஊர் எல்லை வரைக்கும் அப்பா அந்த ஒரே ஒரு சுருதியை வாய்க்குள் முனகிக்கொண்டே மிதித்தார். பெரிய சனிக்கிழமையில் அவர் முனகி நான் கேட்டதில்லை. கேட்காதவள் போலவே உட்கார்ந்துகொண்டேன்.